மணவாளக்குறிச்சி மணலும் அமெரிக்கக் கோதுமையும்: பாட்டா சொன்னதில் எவ்வளவு உண்மை?

குழித்துறைக்காரன்:

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஞாயிறு களியக்காவிளைச் சந்தைக்குப் போய்விட்டு நானும் பாறசாலைக்கார நண்பன் ஒருவனும் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி அமெரிக்காவில் வந்து நின்றது, நான் சும்மா இருக்காமல் பாட்டா சொல்லும் கதையை எடுத்துவிட்டேன். பாட்டா வாலிப வயதில் நம் குமரிக் கடற்கரையில் இருக்கும் மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் மண் சுமந்தவர், இறந்து பதினைந்து வருஷம் ஆகிறது. நம் கடற்கரை மண்ணில் விலையுள்ள பொருள் இருக்கிறது என்பதை ஒரு ஜெர்மன்காரத் துரை கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம். அந்த மண்ணைக் கொண்டுபோய்த்தான் ஜப்பானில் போட்ட குண்டைச் செய்தார்களாம். அப்புறம் நாட்டில் பஞ்சம் வந்து அமெரிக்காவிடம் கோதுமை கேட்டபோது, மணலைத் தந்தால் கோதுமை தருகிறோம் என்றார்களாம், நேரு முடியாது என்றாராம்.

நண்பன் சாயாவை வைத்துவிட்டுச் சிரித்தான். இதெல்லாம் கொல்லத்துப் பக்கம் சவறா மண்ணின் கதை, உங்கள் ஆட்கள் அதைத் தூக்கி மணவாளக்குறிச்சியில் போட்டுவிட்டீர்கள் என்றான். பந்தயம் வைத்தாகிவிட்டது, தோற்றவன் கடையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கித் தரவேண்டும். சரித்திரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதில் எது நிஜம், எது பாட்டா கைவரிசை? கதிர்வீச்சு, கேன்சர் பேச்சை மட்டும் இங்கே இழுக்காதீர்கள், அதற்கு ஏற்கெனவே ஒரு திரி ஓடி இருநூறு பதிலுக்கு மேல் சண்டை நடந்து முடிந்திருக்கிறது.

---

வடசேரி வாத்தியார்:

தம்பி, உங்கள் பாட்டா பொய்யர் இல்லை. மூன்றில் ஒன்று முழு உண்மை, ஒன்று முக்கால், ஒன்று தப்பு.

கயிற்றுக் கதை முழு உண்மை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணில் மோனசைட் என்ற, தோரியம் உலோகம் அடங்கிய கனிமம் இருப்பதைக் கண்டார். நம்மூரில் கதம்பையை ஊறப்போட்டு அடித்துக் கயிறு முறுக்கிக் கடற்கரையிலேயே காயப்போடுவார்கள், மண் ஒட்டாமல் எப்படி இருக்கும்? அந்தக் காலத்தில் மோனசைட்டுக்கு ஏன் அவ்வளவு மவுசு என்றால், குண்டுக்காக இல்லை, விளக்குக்காக. வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரியாக்காரர் ஒரு வலையைத் தோரியம், சீரியம் உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால் துணி போய்ச் சாம்பல் கூடு மட்டும் நிற்கும், அதைச் சுடரில் வைத்தால் வெள்ளை வெளிச்சம் அடிக்கும் என்று கண்டுபிடித்திருந்தார். 99 பங்கு தோரியம் ஆக்ஸைடு, 1 பங்கு சீரியம் ஆக்ஸைடு. மின்சாரம் பரவாத காலத்தில் பெர்லின், லண்டன், நியூயார்க் தெருவெல்லாம் எரிந்தது இந்த வலைதான். அதற்கு வேண்டிய மணல் பிரேசிலிலிருந்து வந்தது, வியாபாரம் ஜெர்மன் கம்பெனிகளின் கூட்டுப் பிடியில் இருந்தது. அமெரிக்காவில் கரோலினா மாநிலங்களிலும் கொஞ்சம் தோண்டினார்கள். நம் மண் வந்ததும் மற்றதெல்லாம் சோர்ந்துபோயிற்று, ஏனென்றால் திருவிதாங்கூர் மோனசைட்டில் தோரியம் சத்து பிரேசில் சரக்கைவிட அதிகம். முதல் உலகப் போர் வந்ததும் பாவம் ஷோம்பெர்க்கை ஜெர்மன் உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள், தொழில் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போனது.

குண்டு விஷயம் தப்பு. இதை நாகர்கோவிலில் படித்தவர்களே மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஹிரோஷிமாவில் போட்டது யுரேனியம் 235, நாகசாகியில் போட்டது புளூட்டோனியம். அந்த யுரேனியத்தில் பெரும்பங்கு பெல்ஜியக் காங்கோவில் ஷிங்கொலோப்வே என்ற சுரங்கத்திலிருந்து வந்தது, மீதி கனடாவிலும் கொலராடோ பக்கத்திலும் தோண்டியது. தோரியம் அதில் இல்லை. ஆனால் பாட்டாவுக்கு அந்த எண்ணம் காற்றில் வந்து விழவில்லை. தோரியத்தை அணு உலையில் வைத்தால் யுரேனியம் 233 ஆக மாறும், அதிலும் குண்டு செய்யலாம் என்று போர்க்காலத்திலேயே தெரிந்துவிட்டது. 1944 ஜூனில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் உலகத்தில் யுரேனியமும் தோரியமும் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிக் கைக்குள் வைத்துக்கொள்ள ஒரு கூட்டு அமைப்பே ஏற்படுத்தினார்கள். அதில் திருவிதாங்கூர் கடற்கரை பெரிய எழுத்தில் இருந்தது. பெட்ரோமாக்ஸுக்குப் போன மண் திடீரென்று ராஜாங்க விஷயம் ஆனது அப்படித்தான்.

கோதுமைக் கதைக்கு வருகிறேன். 1950இல் நாட்டுக்குச் சனி பிடித்தது. ஆகஸ்ட் 15ஆம் தேதி, அதுவும் சுதந்திர தினத்தில், அசாமில் பெரிய பூகம்பம், பிறகு வெள்ளம், பீகாரிலும் சென்னை மாகாணத்திலும் மழை இல்லை. வருஷக் கடைசியில் நம் தூதர் விஜயலட்சுமி பண்டிட் அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டார். 1951 பிப்ரவரி 12 அன்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸிடம் அதைத் தானமாகக் கொடுக்கலாம் என்று எழுதினார். அந்த நேரம் கொரியப் போர் நடக்கிறது, அதில் அமெரிக்காவோடு மோதும் சீனாவை இந்தியா குற்றவாளி என்று சொல்ல மறுக்கிறது, காங்கிரஸில் பலருக்கு நேரு பெயரைக் கேட்டாலே எரிச்சல். தானம் கூடாது, கடனாகக் கொடு, கடனுக்கு ஈடாக மோனசைட்டும் மாங்கனீஸும் வாங்கு என்று பேச்சு கிளம்பியது. 1946இலிருந்தே மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை இருந்தது, அந்தத் தடையை உடைக்க இதுதான் நேரம் என்று நினைத்தார்கள். மே 1ஆம் தேதி நேரு வானொலியில் பேசி, நிபந்தனை போட்டுத் தரும் உதவி வேண்டாம் என்கிற தொனியில் சொன்னார். அதைக் கேட்டு அங்கே இன்னும் கோபம், இன்னும் தாமதம். இதற்கிடையில் சீனாவும் சோவியத்தும் நாங்கள் தருகிறோம் என்று கையை நீட்டின, அதற்குப் பிறகு வாஷிங்டனில் வேகம் பிறந்தது. ஜூன் 15 அன்று ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். 19 கோடி டாலர், தானமாக இல்லை, கடனாக. கடனில் ஒரு பங்கை மூலப்பொருளாகத் திருப்பித் தரலாம் என்ற வாசகம் உள்ளே வந்தது, ஆனால் மோனசைட் தடை நீங்கவில்லை.

ஆக, மணல் கேட்டது உண்மை. மணல் கொடுக்காததால் கோதுமை வரவில்லை என்று பாட்டா சொல்லியிருந்தால் அது மட்டும் சரியில்லை. கோதுமை வந்தது.

---

கடியபட்டணம் கரை:

வாத்தியார் சாரின் பதிலைப் படித்ததும் மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைத் திருவிழாதான் ஞாபகம் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது பெட்ரோமாக்ஸ் தலையில் தூக்கிக்கொண்டு வரிசையாக ஆட்கள் போவார்கள், வலை எரிந்து கூடாக நிற்கும், ஒருத்தன் கால் தடுக்கினால் அவ்வளவுதான், பொலபொலவென்று கொட்டிவிடும், லைட்டுக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே புது வலை கட்டுவார். அந்தச் சாம்பல் நம் கடற்கரை மண் என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடந்திருப்போம்.

---

பாறசாலைப் பக்கம்:

அந்த நண்பன் நான்தான். தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கணும், வீட்டில் பேசுவது இரண்டும் கெட்டான் பாஷை.

அளியா, வாத்தியார் ஒரு ஊர்ப் பெயரை நைசாக விட்டுவிட்டார். ஷோம்பெர்க் பார்த்த கயிறு எங்கிருந்து போனது? சங்கரமங்கலத்திலிருந்து. சங்கரமங்கலம் எங்கே இருக்கிறது? சவறாவில். பழம்பொரிக்கு ஏற்பாடு செய்துகொள். முதல் ஆலை மணவாளக்குறிச்சியில் எழுந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன், சவறாவில் அதற்குப் பிறகுதான். ஆனால் கண்டுபிடிப்பு எங்களுடையது.

இன்னொரு சங்கதியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அமெரிக்கா என்றதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முதலில் சொல்வது கோதுமையை இல்லை, சி.பி.யைத்தான். 1946இல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூருக்கு ஒரு புதிய அரசியலமைப்பு கொண்டுவரப் பார்த்தார். எல்லாருக்கும் ஓட்டு உண்டு, சட்டசபை உண்டு, ஆனால் சட்டசபை நினைத்தாலும் திவானை இறக்க முடியாது. அமெரிக்காவில் ஜனாதிபதியைக் காங்கிரஸ் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு இறக்க முடியாதே, அதுபோலத்தான் என்று விளக்கம். அமெரிக்க ஜனாதிபதியை நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், திவானை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த அக்டோபரில் புன்னப்பிரை, வயலார் பக்கம் கயிற்றுத் தொழிலாளிகள் எழும்பினார்கள். "அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்" என்பதுதான் கோஷம். துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கவனித்துப் பார், அங்கேயும் கயிறுதான்.

1947 ஜூன் 11இல் சி.பி. திருவிதாங்கூர் தனிநாடு ஆகும் என்று அறிவித்தபோது கையில் இருந்த பெரிய துருப்புச் சீட்டுகளில் ஒன்று இந்த மணல். பிரிட்டனுக்கு மோனசைட் கொடுக்க ஏற்கெனவே ஒப்பந்தம் பேசியிருந்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் கச்சேரி நடந்த இடத்தில் அவரை வெட்டினார்கள், உயிர் பிழைத்தார், ஆனால் தனிநாட்டுப் பேச்சு அதோடு முடிந்தது, ராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார்.

---

சிகாகோவில் நாஞ்சில்:

அண்ணாச்சிமார்களே, சொந்த ஊர் பூதப்பாண்டி, இப்போது இருப்பது சிகாகோவுக்கு மேற்கே. இந்தத் திரியைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் நம் மண் வந்து இறங்கிய ஊர் இங்கே காரில் போகிற தூரத்தில்தான் இருக்கிறது. வெஸ்ட் சிகாகோ என்று பெயர். லிண்ட்சே லைட் என்ற கம்பெனி முதலில் சிகாகோ நகரத்துக்குள் ஏரிக்கரைப் பக்கம் விளக்கு வலை செய்துகொண்டிருந்தது, 1932இல் வெஸ்ட் சிகாகோவுக்கு ஆலையைக் கொண்டுபோனது. திருவிதாங்கூர் மணலைத்தான் பெரிய அளவில் காய்ச்சினார்கள். 1946 தடை வந்ததும் இவர்களுக்கு மூச்சு முட்டியது. 1951இல் மோனசைட், மோனசைட் என்று வாஷிங்டனில் கத்தினதற்கு இதுவும் ஒரு காரணம், அணுகுண்டு ஆசை மட்டும் இல்லை. அப்புறம் ஐடஹோவில் ஆற்றுமணலைத் தோண்டினார்கள், தென்னாப்பிரிக்காவில் ஸ்டீன்காம்ப்ஸ்க்ரால் சுரங்கம் திறந்தது, பிரச்சினை ஒருவழியாகத் தணிந்தது.

கதிர்வீச்சுப் பேச்சு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள், ஆனாலும் ஒரு வரி சொல்லாமல் முடியாது. தோரியம் எடுத்த பிறகு மிஞ்சிய சக்கைமண்ணை அந்த ஊர் ஜனங்கள் வீட்டுத் தோட்டத்துக்கும் பள்ளம் நிரப்பவும் அள்ளிக்கொண்டு போனார்கள், யாரும் தடுக்கவில்லை. பல வருஷம் கழித்து அது என்ன மண் என்று தெரிந்து, பூங்காவையும் வீட்டு முற்றங்களையும் தோண்டி, ரயிலில் ஏற்றி யூட்டா மாநிலப் பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். சிகாகோ நகரத்துக்குள்ளும் ஸ்ட்ரீட்டர்வில் பகுதியில் அஸ்திவாரம் தோண்டினால் முதலில் கருவி வைத்துப் பார்க்கவேண்டும். நம் கடற்கரை மண்ணில் கொஞ்சம் எங்கோ யூட்டாவில் கிடக்கிறது என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

இன்னொன்று, இது நல்ல செய்தி. 1951 கோதுமைக்குப் பிறகு 1956இலிருந்து வேறொரு சட்டத்தின் கீழ் கோதுமை வந்தது, பி.எல். 480. அதற்கு நாம் டாலர் தரவேண்டாம், ரூபாயாகக் கொடுத்தால் போதும். அந்த ரூபாய் டெல்லியில் மலைபோலக் குவிந்தது, அமெரிக்கா அதை வைத்து என்ன செய்வது? 1962இலிருந்து அதில் ஒரு சிறுபங்கை எடுத்து, இந்திய மொழிகளில் வரும் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்குகளுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். அங்கே இருக்கும் சில பழைய பதிப்புகள் நாகர்கோவிலில் தேடினால் கிடைக்காது. கோதுமைக் காசில் வந்தவை.

---

சந்தேக சிகாமணி:

எல்லாரும் நேரு மணலைத் தரவில்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். 1952இல் ஆலுவாயில் அரிய மணல் ஆலை திறந்தாயிற்று, மோனசைட்டிலிருந்து தோரியம் நைட்ரேட் நாமே எடுக்க ஆரம்பித்தோம். மறுவருஷம் அந்தத் தோரியம் நைட்ரேட் ஒரு போலந்துக் கப்பலில் ஏறிச் சீனாவுக்குப் போகிறது என்று அமெரிக்காவுக்குத் தெரிந்தது. அவர்களிடம் பேட்டில் சட்டம் என்று ஒன்று உண்டு, கம்யூனிஸ்ட் நாட்டுக்குப் போர்முக்கியத்துவம் உள்ள சரக்கு விற்கிற நாட்டுக்கு உதவி கிடையாது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் இந்தியாவுக்கு உதவி நிற்கவும் இல்லை, பெரிதாகச் சத்தமும் வரவில்லை, பிறகு நம் தோரியம் நைட்ரேட்டை அமெரிக்காவே விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. ஆக, கொள்கை என்பது மணலாகத் தரமாட்டோம், காய்ச்சிய சரக்காக விற்போம் என்பதுதான். இதில் எங்கே வீரம்?

---

வடசேரி வாத்தியார்:

சிகாமணி, நீர் சொன்ன தகவல் சரி, முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. மணலாகத் தரமாட்டோம் என்பதுதானய்யா முழுக்கதையும். நாற்பது வருஷம் நம் ஆட்கள் மண் சுமந்தார்கள், கப்பலில் ஏற்றினார்கள், வலை செய்து காசு பார்த்தவன் சிகாகோவிலும் லண்டனிலும் இருந்தான். காய்ச்சுகிற வேலை இங்கேயே நடக்கவேண்டும் என்று சி.பி.கூட ஆசைப்பட்டார், அவரைப் பிடிக்காதவர்களும் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம், கல்பாக்கத்தில் 1996இலிருந்து ஓடுகிற காமினி என்ற சிறிய உலை யுரேனியம் 233இல்தான் ஓடுகிறது. அது தோரியத்திலிருந்து வருவது. முழு மண்ணும் அன்றைக்கே கப்பலேறியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

பந்தய விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், இரண்டு பேரும் கேளுங்கள். 1951இல் ட்ரூமன் கையெழுத்துப் போட்டபோது கேரளா என்று ஒரு மாநிலம் இல்லை, கன்னியாகுமரி மாவட்டமும் இல்லை. சவறாவும் மணவாளக்குறிச்சியும் ஒரே திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. அமெரிக்காக்காரன் காகிதத்தில் இருந்தது "திருவிதாங்கூர் மணல்" என்ற ஒரே பெயர்தான். பழம்பொரியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

---

பாறசாலைப் பக்கம்:

பாதி ஒத்துக்கொள்ள முடியாது சார். கயிறு எங்களுடையது.

---

குழித்துறைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. குண்டு விஷயத்தில் பாட்டா தோற்றுவிட்டார், கொஞ்சம் வருத்தம்தான்.

இதையெல்லாம் நேற்று ராத்திரி பாட்டியிடம் படித்துக் காட்டினேன். எண்பத்தெட்டு வயது, காது பாதிதான் கேட்கும். நேரு, ட்ரூமன் எல்லாம் காதில் ஏறவில்லை, கோதுமை என்ற வார்த்தை மட்டும் ஏறியது. அந்தக் காலத்தில் கோதுமையைக் கண்டால் எங்கள் வீட்டில் பயமாம். ரேஷனில் போட்டார்கள், ஆனால் அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது, சப்பாத்தி சுடத் தெரிந்தவர் தெருவிலேயே இல்லை. அரிசி மாதிரி வேகவைத்துப் பார்த்து வேகாமல் போய், கடைசியில் இடித்துக் கஞ்சி காய்ச்சி, மரச்சீனிக் கிழங்கோடு சேர்த்துத் தின்றார்களாம். பிற்பாடு கோவிலில் பால்பொடியும் மக்காச்சோள மாவும் கொடுத்தார்களாம், சாக்கில் இரண்டு கை சேர்ந்து குலுக்குகிற படம் இருக்குமாம். பால்பொடி தீர்ந்ததும் சாக்கைத் துவைத்துப் பாட்டாவுக்கு அரைக்கால் சட்டை தைத்தார்களாம், கை குலுக்குகிற படம் சரியாகப் பின்பக்கத்தில் வந்துவிட்டதாம். அதைப் போட்டுக்கொண்டுதான் மணல் கம்பெனிக்குப் போனார் என்று சொல்லிவிட்டுப் பாட்டி சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் எடுத்துக் கொடுக்கவேண்டியதாயிற்று.

பழம்பொரி வரும் ஞாயிறு. பாறசாலைக்காரன் பாதிக்காசு கொண்டுவராவிட்டால் இங்கே வந்து எழுதுவேன்.